நடுச்சாமத்துக்குப் பின் தண்ணீர் கூடாது

என் வலது முழங்காலுக்குப் பக்தி கிடையாது. செபத்துக்கென்று உட்கார்ந்தால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். எண்பதை நெருங்கும் இந்த வயதில் வாதம் வந்து மற்ற மூட்டுகளெல்லாம் அடங்கிவிட்டன. அது மட்டும் கோயில் பெஞ்சில் இன்னும் ஆடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ நரம்பு வியாதி என்று நினைத்துச் சற்றுத் தள்ளி உட்காருகிறார்கள். தாராளமாக இடம் கிடைப்பதால் நானும் அவர்களைத் திருத்துவதில்லை.

ஆட்டம் தொடங்கிய இடம் அரியலூருக்குக் கிழக்கே, தா.பழூர்ப் பக்கம் போகும் சாலையில் கன்னியர் நடத்திய ஒரு சின்ன மருந்தகம். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். நான் அங்கே கம்பவுண்டர். அதற்கு முன் பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் மருந்து கலக்கினேன். அதற்கும் முன் குருமடத்தில் சாமியாருக்குப் படித்தேன். லத்தீன் வந்தது, திருச்சபைச் சட்டம் வந்தது, தேவ அழைத்தல் மட்டும் வரவில்லை என்று அதிபர் மரியாதையாகச் சொல்லி, என் டிரங்குப் பெட்டியைத் தம் கையாலேயே வண்டியில் ஏற்றிவிட்டார். பெரம்பலூர் டாக்டரிடம் காலைநேரம் சுலபமாகக் கழியும். அவர் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் மேசையைத் துடைத்துவிட்டால் அன்றைய வழிபாடு முடிந்தது. கன்னியர் மருந்தகத்தில் அப்படி இல்லை. அங்கே செபம் சம்பளத்தில் சேர்ந்த வேலை.

மருந்தகத்தை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி. மதர் என்று கூப்பிடுவோம். நர்ஸ் படிப்பும் பிரசவ வேலையும் கரைகண்டவர். தமிழைச் செபப் புத்தகங்களிலிருந்து கற்றுக்கொண்டவர் என்பதால், அவர் பேசினால் ஏதோ பிரார்த்தனை நடக்கிறதென்று புதிதாக வருகிறவர்கள் தலையில் முக்காட்டை இழுத்துக்கொள்வார்கள். "கம்பவுண்டரே, அயோடின் புட்டியைத் தந்தருளும்" என்பார். நானும் தந்தருளுவேன்.

காலையில் கதவைத் திறப்பதற்கு முன் கால்மணி நேரம் செபம். முதலில் வாய்விட்டுச் சொல்லும் மந்திரங்கள். பிறகு மௌனம். மௌனம் தொடங்கும்முன் மதர் எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு நோயாளியை ஒப்படைப்பார். மணி அடிக்கும்வரை அந்த நோயாளியின் முகத்தை மனத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். அவருக்காக எதையும் கேட்க வேண்டியதில்லை, மருந்தைப் பற்றி யோசிக்கக் கூடாது, சும்மா கூட இருந்தால் போதும். இதில் நான் தேறவே இல்லை. முகம் வந்ததும் நாக்கின் நிறம் வரும், நாக்கு வந்ததும் கலவை வரும், கலவை வந்ததும் முழங்கால் ஆடும்.

சாயங்காலம் ஆத்தும சோதனை. அன்றைய பாவங்களை நினைத்துப் பார்க்கும் நேரம். அதற்கு மதர் வைத்திருந்தது ஒரே கேள்வி: "இன்று நீர் யாரைக் காக்கவைத்தீர்?" பதிலை மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். என் பதில் எல்லா நாளும் ஒன்றுதான். காலைச் செபம் முடியும்வரை வராந்தாவில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரையும். நல்லவேளையாக வாய்விட்டுச் சொல்லும்படி யாரும் கேட்டதில்லை.

எங்களோடு ஓர் ஆயாவும் உட்காருவாள். விக்கிரமங்கலத்துக்காரி. மாரியம்மனுக்கு வருஷம் தவறாமல் தீ மிதிப்பவள். விதி எல்லோருக்கும் பொது என்பதால் அவளும் செபத்துக்கு வந்தாள். எங்களில் கால்மணி நேரம் அசையாமல் உட்காரத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இந்தக் காலத்து வாசகர்களுக்கு ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். இப்போது நன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணை அப்பம், வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சாப்பிடாமல் இருந்தால் போதும், தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். அப்போது நடுச்சாமம் கழிந்தபின் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு நன்மை வாங்கினால் அது சாவான பாவம். பூசை வைக்கும் குருவானவருக்கும் அதே விதி. தளர்த்துவதற்கு பிஷப்புக்கே சுலபத்தில் அதிகாரம் கிடையாது. விலக்கு உண்டு. மரண ஆபத்தில் இருப்பவர் குடிக்கலாம், சாப்பிடலாம், எந்த நேரத்திலும் வாங்கலாம். சாகக் கிடப்பவருக்குச் சாமியார் கொண்டுவரும் நன்மை இந்தக் கணக்கில் சேரும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. குருமடத்தில் இதை மனப்பாடமாக ஒப்பித்து மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அந்த வருஷம் பங்குனி பிறந்து கிணறுகள் கீழே போனதும் வாந்திபேதி வந்தது. மருந்தகத்துக்குப் பின்னால் ஒதுக்கமாக ஓர் ஓலைக் கொட்டகை போட்டு, வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவி, பேதிக்காரர்களை அங்கே வைத்தோம். கொட்டகைக்கென்று மதர் போட்ட விதிகளை நானே சுவரில் எழுதி ஒட்டினேன். கொதிக்காத எதுவும் உள்ளே வரக் கூடாது. நோயாளியைத் தவிர வேறு யாரும் அங்கே எதையும் வாயில் வைக்கக் கூடாது. நோயாளி விழித்திருக்கும் நேரமெல்லாம் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நரம்பில் உப்புநீர் ஏற்றும் சாதனம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதன் ரப்பர் குழாய் வெடித்து மாதக்கணக்காகிவிட்டது. புதுக் குழாய்க்கு எழுதிப்போட்டால், ரப்பரெல்லாம் யுத்தத்துக்குப் போகிறது, பொறுத்திருக்கவும் என்று பதில் வந்தது. பேதிக்குப் பொறுமை கிடையாது என்பதை எழுதியவரிடம் யார் சொல்வது? ஆகவே வாய்வழி ஒன்றே வழி.

கொட்டகையில் அப்போது கிடந்தவள் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். வாக்கப்பட்ட ஊரில் அவர்கள் வீடு ஒன்றுதான் வேதக்காரர் வீடு, அதாவது கிறிஸ்தவர் வீடு. முந்தின வாரம் அதே வீட்டில் அவள் நாத்தனார் பேதியில் போய்விட்டாள். பக்கத்து ஊருக்கு வந்திருந்த ஒரு சாமியார் நாத்தனாருக்கு, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசி நன்மை கொடுத்தார். கொடுத்து முடித்து அவர் வண்டியேறுவதற்குள் உயிர் பிரிந்தது. இவள் பக்கத்தில் நின்று தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தவள். பிறகு இவளுக்கே கண்டது. புருஷன் மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தபோது மணிக்கட்டில் நாடி இல்லை. ஆயாவும் நானும் மாறி மாறி ஊற்றிய கஞ்சித் தண்ணீரில் மறுநாள் மத்தியானம் நாடி திரும்பியது. பேதி நிற்கவில்லை, குறைந்திருந்தது. உள்ளே போவது நிற்காதவரை பிழைத்துக்கொள்வாள் என்று மதர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கடுத்த நாள், மாதம் ஒருமுறை எங்களுக்குப் பூசை வைக்க வரும் சாமியாரின் முறை. திருச்சிப் பக்கத்திலிருந்து விடியற்கால ரயிலில் அரியலூரில் இறங்கி, நாங்கள் அனுப்பும் மாட்டு வண்டியில் ஏழு மணிக்குள் வந்துவிடுவார். எங்கள் செப அறையில் நற்கருணை வைத்திருக்க அனுமதி கிடையாது. அவர் பூசை வைத்தால்தான் எல்லோருக்கும் நன்மை. சுற்றுப்புறத்து வேதக்காரர்கள் விடியுமுன்பே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள்.

காலைச் செபத்தில் மதர் எனக்குக் கொட்டகைப் பெண்ணை ஒப்படைத்தார். மௌனம் தொடங்கியது. முகத்தை நிறுத்தினேன். நாக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா உதடு அசையாமல் முணுமுணுத்தாள்.

"அது ராத்திரியே வாய மூடிக்கிச்சு. அதுக்கப்புறம் ஒரு சொட்டு எறங்கல. பூச இருக்காம்."

முழங்கால் நின்றுவிட்டது. எழுந்தேன். மதர் கண்ணைத் திறக்காமலே "அமரும்" என்றார்.

"கொட்டகைக்குப் போகணும், மதர்."

"நீர் இப்பொழுது அங்கேதான் இருக்கிறீர். அமரும்."

விளக்கம் சொன்னால் அதுவும் மௌனத்தை உடைப்பதாகும், அதற்கு இன்னொரு விதி. உட்கார்ந்தேன். மணி அடிக்கும்வரை அந்தப் பெண்ணோடு கூட இருந்தேன் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தனை அடுத்திருந்து அத்தனை உபயோகமில்லாமல் நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

மணி அடித்ததும் ஓடினேன். கொட்டகை வாசலில் அவள் புருஷன் குந்தியிருந்தான். பக்கத்தில் சீவாத இளநீர் ஒரு குவியல். யாரோ சொன்னார்கள் என்று எங்கேயோ போய் மரத்தோடு பிடுங்கி வந்தவன்போல அள்ளிவந்திருந்தான். உள்ளே அவள் கண் குழிந்து, உதடு வெள்ளையாகத் தோலுரிந்து கிடந்தாள். நாடியைத் தேட வேண்டியிருந்தது. தம்ளரை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விலக்கை எடுத்துச் சொன்னேன். உன்னைப் போன்றவர்களுக்கு விரதம் கிடையாது, குடித்துவிட்டே நன்மை வாங்கலாம் என்றேன். எனக்கு முன்பே அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"தண்ணி குடிச்சிட்டு வாங்குறது சாவப்போறவங்களுக்கு. எங்க நாத்தனா அப்படித்தான் வாங்குச்சு. நான் சாவல, கம்பவுண்டரய்யா. நல்லாருக்கறவங்க மாதிரி வெறும் வயித்தோட முழங்கால் போட்டு வாங்குறேன்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டேன். வாங்குனா எழுந்துருவேன்."

மரண ஆபத்து என்றால் சாவு என்று அர்த்தமில்லை என்றேன். யுத்தத்துக்குப் புறப்படும் சிப்பாய்க்குக்கூட இந்த விலக்கு உண்டு, அவர்களெல்லாம் செத்தா போகிறார்கள்?

"நான் என்னா பட்டாளத்துக்கா போறேன்?"

"சட்டத்துல இருக்கறதச் சொல்றேன், தங்கச்சி. நான் படிச்சிருக்கேன்."

"படிச்சிட்டு ஓடியாந்தவர்தான நீங்க."

ஆயா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சாகக் கிடக்கும் ஒருத்திக்கு இவ்வளவு பேசத் தெம்பிருப்பது நல்ல அறிகுறியென்று குறித்துக்கொண்டேன். அடுத்த வார்த்தைக்கு அவளிடம் மூச்சில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

மதரிடம் போனேன். அவருக்கு இதில் சிக்கல் ஒன்றுமே தெரியவில்லை. "அவள் மரண ஆபத்தில் இருக்கிறாள் என்னும் சத்தியத்தைச் சொல்லும். அவள் பருகுவாள்" என்றார். அந்தச் சத்தியத்தைக் கேட்டால் இவளும் நாத்தனார் வழியில் போக ஒப்புக்கொண்டு படுத்துவிடுவாள் என்றேன். ஆபத்தில் இல்லையென்றால் அவள் தண்ணீர் குடிக்கக் கூடாது, குடிக்காவிட்டால் ஆபத்து வந்துவிடும், ஆபத்து என்று சொன்னால் அவள் செத்துவிட்டதாகவே நினைப்பாள். குருமடத்தில் இந்தப் பாடத்தை நடத்தியவர் ஆயுளில் ஒரு பேதிக்காரியைப் பார்த்திருக்க மாட்டார். மதர் தாமே கொட்டகைக்கு நடந்தார்.

"மகளே, நீ மரண ஆபத்தில் இருக்கிறபடியினாலே பானம்பண்ணத் தடையில்லை."

அவள் மதரைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்தது, ஆனால் கண்ணில் தண்ணீர் வரவில்லை. பேதி பார்த்தவனுக்கு அதற்குமேல் ஓர் அறிகுறி தேவையில்லை. வாசலில் குந்தியிருந்த புருஷன் எழுந்து நின்றான். மதரிடம் பேசாமல் என்னிடம்தான் பேசினான்.

"சாமி சொன்னாக் கேக்கும், சார். வேற யாரு சொன்னாலும் கேக்காது."

ஆனால் சாமியைக் காணோம். ஏழு மணி தாண்டியிருந்தது. வெயில் வராந்தாவில் ஏறியது. பூசைக்கு வந்தவர்கள் வெறும் வயிற்றோடு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரயிலைத்தான் யுத்தம் நிறுத்தி வைத்திருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மருந்தகத்து சைக்கிளை எடுத்தேன். மதர் என்னைத் தடுக்கவில்லை. ஆயாவைக் கஞ்சித் தம்ளரோடு அவள் தலைமாட்டில் நிற்கச் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். ஆறினால் மாற்று, புதிதாக ஊற்று, மனசு மாறும் நிமிஷத்தில் தம்ளர் கையில் இருக்க வேண்டும் என்றேன். "தம்ளரு நிக்கும். நீங்க ஓடுங்க" என்றாள் ஆயா.

இப்போது சிமெண்டு லாரிகள் ஓடும் சாலை அது. அப்போது வண்டித் தடம்தான். ஒருபுறம் வெடித்துக் கிடந்த கரிசல், மறுபுறம் கருவேலம், சுண்ணாம்புக் காளவாயைத் தாண்டும்போது வாய்க்குள் வெள்ளைப் புழுதி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. நானும் நன்மைக்காக ஒன்றும் குடித்திருக்கவில்லை. ஒரு ராத்திரித் தண்ணீர் இல்லாமல் எனக்கே இப்படி என்றால், ஏற்கெனவே உடம்புத் தண்ணீரெல்லாம் போன ஒருத்திக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தேன். காலையில் உட்கார்ந்து தேடிய முகம் அப்போதுதான் சரியாக வந்தது. வேண்டாம் என்றாலும் போகவில்லை.

அரியலூர் ஸ்டேஷனில் எங்கள் வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பட்டாள ஸ்பெஷலுக்கு வழிவிட்டுப் பாசஞ்சரைப் பின்னால் எங்கோ நிறுத்தியிருப்பதாக ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். எப்போது வரும் என்றேன். வந்தால் தெரியும் என்றார். பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். நடுவில் பயணிகளுக்கென்று வைத்த தண்ணீர்ப் பானை. ஒவ்வொரு நடைக்கும் அதைத் தாண்ட வேண்டியிருந்தது. சிப்பாய்களை அடைத்துக்கொண்டு ஸ்பெஷல் போயிற்று. ஜன்னலில் தெரிந்த முகங்களையெல்லாம் பார்த்தேன். அத்தனை பேருக்கும் சட்டப்படி விரத விலக்கு உண்டு.

கடைசியில் பாசஞ்சர் வந்தது. சாமியார் இறங்கினார். அறுபதைத் தாண்டியவர், ஒல்லி, தாடி. பூசைச் சாமான் பெட்டியைக் கையில் வைத்திருந்தார். பானையைத் தாண்டி நடந்தார், அந்தப் பக்கம் திரும்பவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பெட்டியை வண்டிக்காரனிடம் கொடுத்து மெதுவாக வரச் சொல்லிவிட்டு, அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு என் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

வழியெல்லாம் நான் பேசினேன். விலக்கைச் சொன்னேன், விலக்கின் விளக்கத்தைச் சொன்னேன், மூச்சு வாங்கிக்கொண்டு லத்தீனிலும் சொன்னேன். பின்னாலிருந்து "ம்" என்று மட்டும் வந்தது. நீங்களே மரண ஆபத்து என்று சொல்லாமல், ஆனால் குடிக்கும்படி எப்படியாவது கட்டளையிட வேண்டும் என்றேன்.

"கம்பவுண்டரே, முன்னாடி பாத்து ஓட்டும். பள்ளம்."

பள்ளத்தில் இறங்கி ஏறினோம்.

"அழுதுச்சுன்னீரே. கண்ணுல தண்ணி வந்துச்சா?"

"வரல, சாமி."

"ம்."

மருந்தகத்து வாசலில் காத்திருந்தவர்கள் எழுந்து முழங்காலிட்டார்கள். அவர்களுக்குக் கையை மட்டும் உயர்த்திவிட்டு நேரே கொட்டகைக்கு நடந்தார். அவரைக் கண்டதும் அவள் எழுந்து மண்டியிட முயன்று பாயிலேயே சரிந்தாள். ஆயா தாங்கிப் பிடித்தாள். சரிந்த நிலையிலும் அவள் முகத்தில் ஒரு ஜெயித்த களை.

"நான் ஒண்ணும் குடிக்கல, சாமி."

சாமியார் திரும்பினார். ஆயா கையில் இருந்த தம்ளரைக் காட்டி அதென்ன என்று கேட்டார். உப்புக்கஞ்சி, காலையிலிருந்து ஊத்தி ஊத்தி மாத்துறேன் என்றாள் ஆயா. கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் தலையை அண்ணாந்து, தாடிக்கு மேலே தூக்கி, ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டார். தொண்டை முடிச்சு ஏறி இறங்குவதைக் கொட்டகையில் இருந்த எல்லோரும் பார்த்தோம்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

தம்ளர் கொதிநீரில் போட்டு எடுத்தது, கஞ்சி அடுப்பிலிருந்து வந்தது. அதனால் எனக்குப் பயமில்லை. ஆனாலும் கொட்டகைக்குள் வேறு யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுவரில் நானே எழுதி ஒட்டியிருந்த காகிதத்துக்கு நேர் கீழே அவர் நின்றார். ரோமாபுரியின் விதியும் மதரின் விதியும் ஒரே மடக்கில் போயின. வாசலில் மதர் சிலுவை போட்டுக்கொண்டார். நடந்தது அவருக்கும் எனக்கும்தான் முதலில் புரிந்தது. நாங்கள் இரண்டு பேரும்தான் படித்தவர்கள்.

"சாமி, பூச..." என்றாள் அந்தப் பெண்.

"இன்னிக்குப் பூச இல்லம்மா. நான் குடிச்சிட்டேன்ல? பூச இல்லாட்டி நன்ம இல்ல. நன்ம இல்லாட்டி நீ எதுக்குப் பட்டினி கெடக்கணும்?"

அவள் அவரையே பார்த்தாள். பிறகு கோபம் வந்தது. அந்த உடம்பில் அதற்கு எங்கிருந்து இடம் கிடைத்ததோ தெரியவில்லை.

"இதுக்கா நான் ராத்திரிலேர்ந்து நாக்கு வறண்டு கெடந்தேன்?"

"நானுந்தான் கெடந்தேன். அடுத்த மாசம் வருவேன். நீ நல்லா இருக்கறவளா வந்து வெறும் வயித்தோட வாங்கு. ஒன் நேர்ச்ச எங்கயும் போவல, அப்படியே இருக்கு."

ஆயா அதற்குள் இன்னொரு தம்ளர் ஊற்றிவிட்டிருந்தாள். அந்தப் பெண் சாமியார் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தாள். முதல் தம்ளரில் பாதி திரும்பி வந்தது. இரண்டாவது நின்றது. வாசலில் புருஷன் அரிவாளை எடுத்து இளநீரை ஒன்றன்பின் ஒன்றாகச் சீவ ஆரம்பித்தான். போதும் என்று நான் சொன்னபிறகும் சீவிக்கொண்டே இருந்தான்.

வெளியே விஷயம் பரவியது. சாமியாருக்குத் தாகம் தாங்கவில்லையாம், பூசை இல்லையாம். கொள்ளிடக் கரையிலிருந்து நடந்து வந்திருந்த ஒரு பெரியவர், நான் தாங்கினேனே என்று எல்லோரும் கேட்கும்படி சொன்னார். சாமியார் மறுக்கவில்லை. எல்லோரையும் உட்காரவைத்துச் செபமாலை சொல்லி, முதலில் போய்த் தண்ணீர் குடியுங்கள் என்று அனுப்பினார். மதர் மத்தியானம்வரை அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் தம் கையால் பரிமாறினார். ஒருத்திக்காக இத்தனை ஆத்துமாக்களின் நன்மையைத் தடுத்தது நியாயமா என்று, பாத்திரத்தை வைத்துக்கொண்டே தம் செபத்தமிழில் கேட்டார்.

"அவங்கள்ளாம் அடுத்த மாசமும் இருப்பாங்க, மதர்" என்றார் சாமியார். மோர் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

திரும்பிப் போகும்போது அவரை நான்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். முன்பே யோசித்து வைத்ததா, அந்த நேரத்தில் தோன்றியதா, இல்லை உண்மையிலேயே தாகமா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்போல் இருந்தது. "தாகமாத்தான் இருந்துச்சு" என்றார். ரயில் ஏறுமுன் பிளாட்பாரத்துப் பானையில் இரண்டு குவளை குடித்தார். அன்று முதல் இன்றுவரை, எனக்குத் தெரிந்த எல்லா விதிகளையும் அந்தப் பதிலோடு வைத்துப் பார்க்கிறேன். எங்கே பொருத்துவதென்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆத்தும சோதனையில் மதர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இன்று நீர் யாரைக் காக்கவைத்தீர்? பிறகு மணியை அடிக்க மறந்துவிட்டார். இருட்டிக்கொண்டு வந்தது. ஆயா எழுந்து விளக்கை ஏற்றிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள். என் முழங்கால் தறி ஓட்டியது. அமரும் என்றோ அசையாதிரும் என்றோ மதர் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து, யாரைப் பார்த்தென்று இல்லாமல் பேசினார்.

"நாளை தொடங்கி, கொட்டகையிலுள்ளவர்கள் எவரிடத்தில் ஒப்படைக்கப்படுகிறார்களோ, அவர் கொட்டகையிலேயே இருந்து செபிப்பாராக."

மறுநாள் காலை அங்கே எனக்கு ஒரு முக்காலி போட்டிருந்தது. உட்கார்ந்தேன். கையில் தம்ளர் இருந்ததால் முழங்கால் கொஞ்சம் அடங்கியது. அந்தப் பெண் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, மந்திரம் எங்கே சொல்லுங்க கேப்போம், மறந்துபோச்சா என்றாள். அந்த வாரக் கடைசியில் வண்டியேறி வீட்டுக்குப் போனாள்.

அடுத்த மாதம் சாமியாரின் ரயில் நேரத்துக்கு வந்தது. அவர் பெட்டியோடு மருந்தகத்து வாசலில் வண்டியை விட்டு இறங்கியபோது அவள் ஏற்கெனவே வந்து, செப அறைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பானையருகே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ஒரு கை பானை மூடியின்மேல். பூசைக்கு முன்னால் கை கழுவச் சாமிக்குத் தண்ணீர் வேண்டுமே என்று ஆயா சொம்போடு போனாள்.

"கையிக்கு நானே ஊத்துறேன்."

"வாயிக்குக் கேட்டா?"

"அது பூச முடிஞ்சிதான்."

அவளே சொம்பைத் தூக்கிக்கொண்டு போய், அவர் கையில் தண்ணீர் விழுந்து தரையில் சேரும்வரை கண்ணை எடுக்காமல் ஊற்றினாள். சாமியார் குனிந்த தலை நிமிரவில்லை. தாடிக்குள் ஏதோ அசைந்தது. பூசை நடந்தது. நன்மை நேரத்தில் அவள் எந்தக் கையையும் பிடிக்காமல் முழங்காலிட்டு வாங்கினாள், எந்தக் கையையும் பிடிக்காமல் எழுந்தாள்.

பூசை முடிந்து சாமியார் அங்கிகளைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார். அவள் பானையைத் திறந்து ஒரு தம்ளர் மொண்டாள். அவர் கையை நீட்டினார். அவள் அதைத் தான் அண்ணாந்து குடித்தாள், அவசரப்படாமல், கடைசிச் சொட்டுவரை. சாமியார் கையை நீட்டியபடியே காத்திருந்தார்.